பழைய டூரிங் பைக் வாங்கக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: நான் மாதச் சம்பளக்காரன், வயது 38. நெடுந்தூரம் பைக் ஓட்டும் ஒரு சிறு குழுவில் 3 ஆண்டுகளாக இருக்கிறேன். குழுவின் மூத்த நண்பர் ஒருவர் தம்முடைய டூரிங் பைக்கை எனக்கு விற்க முன்வந்திருக்கிறார். வண்டிக்கு 11 வயது. 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. செயின் கிடையாது, ஷாஃப்ட் டிரைவ். அவர் கேட்கும் விலை என்னுடைய 4 மாதச் சம்பளம். அதே ரகத்தில் புதிய வண்டி என்றால் 16 மாதச் சம்பளம் ஆகும். குடும்பத்தின் 6 மாதச் செலவை அவசரகால நிதியாகத் தனியே வைத்திருக்கிறேன். அது போக 2 மாதச் சம்பளம் கையில் இருக்கிறது. மாதந்தோறும் சம்பளத்தில் கால் பங்கு மிஞ்சுகிறது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுவேன். குறையும் பணத்துக்குக் கடன் வாங்கலாமா, அவசரகால நிதியில் கை வைக்கலாமா? சர்வீஸ் வேலைகளைக் குழுவினரே கூடிச் செய்துகொள்வதாலும், வழியில் பழுதானால் உதவப் பொதுநிதி ஒன்று இருப்பதாலும் பராமரிப்புச் செலவு பெரிதாக வராது என்கிறார்கள். அதை நம்பித் திட்டமிடலாமா?

பதில்: நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிக்கொள்கிறேன். கடன் வாங்கலாமா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியும். பராமரிப்புச் செலவு பெரிதாக வராது என்ற நம்பிக்கையைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கணக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு எண்களை அருகருகே வையுங்கள். வண்டி உங்களுக்கு 4 மாதச் சம்பளத்துக்குக் கிடைக்கிறது. புதிதாக 16 மாதச் சம்பளம். அதாவது வண்டியின் மதிப்பு 11 ஆண்டுகளில் கால் பங்காகக் குறைந்துவிட்டது. ஆனால் அதற்குப் போடும் டயரோ, பிரேக் பேடோ, ஃபோர்க் ஆயில் சீலோ, வாட்டர் பம்போ கால் விலைக்குக் கிடைக்கப் போவதில்லை. உதிரி பாகங்களின் விலை புதிய வண்டியின் தரத்தையொட்டித்தான் இருக்குமே தவிர, பழைய வண்டிக்கு நீங்கள் கொடுத்த தொகையைப் பார்த்து இரங்காது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்மவர்கள் சொன்னது இப்படிப்பட்ட கொள்முதலுக்குத்தான்.

ஆகவே, பராமரிப்புக்காக ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டிய தொகையை வாங்கிய விலையிலிருந்து கணக்கிடாமல் புதிய வண்டியின் விலையிலிருந்து கணக்கிடச் சொல்வது என் வழக்கம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பெட்ரோலும் காப்பீடும் நீங்கலாகப் புதிய விலையில் 5 சதவீதம் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு. இது சூத்திரம் அல்ல, தொடக்கப் புள்ளி. உங்கள் சொந்தப் பதிவேடு 2 ஆண்டுகளில் இதைத் திருத்திவிடும். மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால் புதிய வண்டி 1,600, அதில் 5 சதவீதம் 80. நீங்கள் 400 கொடுத்து வாங்கும் வண்டிக்கு ஆண்டுக்கு 80, அதாவது வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு, பராமரிப்புக்கே போகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 7. பெட்ரோல் இதில் சேரவில்லை. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடினால்கூட ஆண்டுக்கு 667 லிட்டர் ஆகும்.

இவ்வளவு எங்கே போகிறது என்று கேட்பீர்கள். சுமையும் எடையும் கூடிய டூரிங் பைக்கில் பின் டயர் 12,000 கிலோமீட்டர் அளவில் தேய்ந்துவிடுவது சாதாரணம். உங்களுக்கு அது ஆண்டுச் செலவு. நெடுந்தூர ஓட்டிகளிடையே புகழ்பெற்ற ‘சேடில்சோர் 1000’ பயணத்தில் 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது ஏறத்தாழ 1,609 கிலோமீட்டர், ஓட்ட வேண்டும்; முடித்தவருக்குச் சான்றிதழ் உண்டு. அந்த ஒரே நாளில் பின் டயரின் ஆயுளில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். வேண்டாம் என்று சொல்லவில்லை. சான்றிதழின் விலையில் ரப்பரும் உண்டு என்றுதான் சொல்கிறேன். வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் சில செலவுகள் நிற்பதில்லை. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது; ‘டாட் 4’ என்ற வகைப் பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டும் என்பது தரவிதி, ஈரமேறிய நிலையில் அதே விதி 155 டிகிரியை ஏற்றுக்கொள்கிறது. மலைப்பாதை இறக்கத்தில், இரண்டு பேரும் மூன்று பெட்டிகளும் ஏறிய வண்டியில், இந்த வேறுபாடு பிரேக் பிடிப்பதற்கும் பிடிக்காமல் போவதற்கும் உள்ள வேறுபாடாகிவிடலாம். ஆகையால்தான் கிலோமீட்டர் எதுவானாலும் 2 ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றச் சொல்கிறார்கள்.

இனி உங்கள் குழுவுக்கு வருகிறேன். குழுவினர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது பாதி உண்மை. டூரிங் பைக்கைச் சர்வீஸுக்கு விட்டால் வரும் பில்லில் கூலியின் பங்கு பெரிது. அந்தக் கூலியின் பெரும்பகுதி பழுதுபார்ப்பதற்காக வாங்கப்படுவதே அல்ல. பழுது இருக்கும் இடத்தை எட்டுவதற்காக வாங்கப்படுவது. வண்டியை மூடியிருக்கும் ஃபேரிங் உறையைக் கழற்றி, சீட்டையும் டேங்கையும் இறக்கி, ஒவ்வொரு திருகையும் இடம் மாறாமல் எடுத்து வைத்த பிறகுதான் வால்வு மூடி கண்ணுக்குத் தெரியும். அதன்பின் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டைச் செருகி வால்வின் இடைவெளியை அளப்பது சிறிது நேர வேலை. நான்கு பேர் கூடி ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குச் செலவிட்டால் உண்மையாகவே பெரிய தொகை மிஞ்சும். அளவு தவறியிருந்தால் அந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் என்ற சிறு உலோகத் தகடு வேறு தடிமனில் தேவைப்படும். ஆளுக்கொரு ஷிம் பெட்டி வாங்குவதைவிடக் குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும். என் வண்டியில் கழன்ற ஷிம் இன்னொருவர் வண்டிக்குச் சரியாக அமைவதும் உண்டு. டார்க் ரெஞ்ச், சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு போன்ற ஆண்டில் இரண்டு நாள் மட்டும் பயன்படும் கருவிகளுக்கும் இதுவே நியாயம். ஆனால் கூலி மிஞ்சுவதால் டயரும் திரவமும் கேஸ்கெட்டும் பேட்டரியும் மிஞ்சுவதில்லை. நான் சொன்ன 5 சதவீதத்தில் குழு உங்களுக்குக் குறைத்துத் தருவது கூலியை மட்டும்தான். அந்த உதவி கிடைக்காத ஆண்டும் வரும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இதேபோன்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையில், நல்ல மனம் படைத்த நண்பர் ஒருவர் என் வண்டிக்கு ஆயில் மாற்றிக் கொடுத்தார். வடிகால் திருகை அவர் கடைசியாக ஒரு சுற்று அழுத்தியபோது, இறுகிக்கொண்டே வந்த ரெஞ்ச் திடீரென்று இலகுவாகச் சுற்றியது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் அலுமினியப் பாத்திரத்தின் மரை கழன்றுவிட்டது. சுற்றி நின்ற 6 பேரும் ஒரே நேரத்தில் மௌனமானோம். மரையைப் புதுப்பித்த செலவு, அன்று நான் மிச்சப்படுத்திய கூலியைப்போலப் பல மடங்கு. அவர் தருவதாகச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் நட்பு போயிருக்கும், கேட்காததால் அதில் ஒரு நெருடல் தங்கியது. அதற்குப் பிறகுதான் எங்கள் குழுவில் ஒரு வரியை எழுதி வைத்தோம்: கை உதவுபவர் யாராக இருந்தாலும் சேதத்தின் செலவு வண்டிக்காரருடையது, சம்மதமானால் மட்டும் வண்டியைக் கொண்டு வரலாம். உங்கள் குழுவில் இப்படியொரு பேச்சு நடந்ததில்லை என்றால், உங்கள் வண்டி முதன்முதலாக ஸ்டாண்டில் ஏறுவதற்கு முன் நடக்கட்டும்.

பணமாக அளக்க முடியாத இடத்தில்தான் குழுவின் மதிப்பு உண்மையில் பெரிது. 11 வயதான மாடலில் எந்தப் பாகம் எத்தனை கிலோமீட்டரில் போகும், எது வேறு மாடலோடு பொருந்தும், உற்பத்தி நின்றுபோன பாகம் யார் வீட்டு அலமாரியில் கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் 1972-இல் தொடங்கிய பிஎம்டபிள்யூ உரிமையாளர் சங்கம், வழியில் சிக்கிக்கொண்டவருக்குக் கருவியோ இடமோ தந்து உதவ முன்வரும் உறுப்பினர்களின் தொடர்பு எண்களை ஒரு கையேடாகவே அச்சிட்டு வந்தது. அதே நாட்டில் 1977-இல் தொடங்கிய, ஹோண்டாவின் ‘கோல்ட் விங்’ டூரிங் பைக் ஓட்டிகளின் சங்கம் மிகப் பெரிதாக வளர்ந்து, 2022-இல் கலைக்கப்பட்டது. 45 ஆண்டு நின்ற அமைப்பே கலையும்போது, வார இறுதியில் கூடும் பத்துப் பன்னிரண்டு பேரின் தோழமையை உங்கள் பட்ஜெட்டில் நிரந்தர வரவாக எழுதுவது சரியாகாது. வந்தால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளுங்கள். திட்டத்தில் அதைப் பூஜ்யமாகவே வையுங்கள்.

பொதுநிதியைப் பற்றிக் கேட்டீர்கள். வழியில் நின்றுபோன வண்டியை ஏற்றி வர வாடகை, ஒரு டியூப், ஒரு இரவுத் தங்கல் ஆகியவற்றுக்கு அது போதும், அதற்காகச் சிறு தொகை கட்டுவதில் தவறில்லை. ஆனால் அதைக் காப்பீட்டுக்கு ஈடாக எண்ணிவிடாதீர்கள். உங்கள் வண்டியால் இன்னொருவருக்குக் காயம் ஏற்பட்டால் வரும் பொறுப்பை எந்த நண்பர் குழுவாலும் தாங்க முடியாது. மூன்றாம் நபர் காப்பீடு, விபத்துக் காப்பீடு, குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு ஆகிய மூன்றும் நடப்பில் இருந்த பிறகுதான் பொதுநிதிக்குக் காசு. ஆயுள் காப்பீடு எடுத்தபோது பொழுதுபோக்கு பற்றிய கேள்விக்கு என்ன எழுதினீர்கள் என்று எடுத்துப் பாருங்கள். நெடுந்தூர பைக் பயணத்தை மறைத்திருந்தால் இப்போதே கடிதம் எழுதித் தெரிவித்துவிடுங்கள். பொதுநிதிக்கு ஆண்டுக்கொரு முறை வரவு செலவு வாசிக்கப்படுகிறதா, பணம் ஒருவர் சொந்தக் கணக்கில் கிடக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும்தான்.

இப்போது கடன். வேண்டாம். இத்தனை வயதான வண்டியை ஈடாக ஏற்கப் பலரும் தயங்குவார்கள். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தனிநபர் கடனாகவே இருக்கும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 100 வாங்கினால், 36 மாதத் தவணையில் திருப்பிக் கட்டுவது ஏறத்தாழ 120. தவணையை 60 மாதமாக நீட்டினால் 133-ஐத் தாண்டும். வண்டியின் விலை இறங்கிக்கொண்டே போக, அதற்காகக் கட்டும் தொகை ஏறிக்கொண்டே போகும். அவசரகால நிதியைத் தொடுவது இதைவிடத் தவறு. பைக் வாங்கிய முதல் ஆண்டில்தான் அந்த நிதி முழுதாக இருக்க வேண்டும், ஏனென்றால் பழைய வண்டியின் குறைகள் பெரும்பாலும் கைமாறிய பிறகே வெளிப்படும்.

மூன்றாவது வழி காத்திருப்பது. உங்களுக்குக் குறைவது 200. அதோடு, வாங்கியவுடன் டயர், எல்லாத் திரவங்கள், தேவைப்பட்டால் பேட்டரி என்று ஒரே வீச்சில் செய்ய வேண்டிய வேலைகளுக்கு ஓராண்டுப் பராமரிப்புத் தொகையான 80-ஐயும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 280. மாதம் 25 மிஞ்சுவதால் 12 மாதங்களில் சேர்ந்துவிடும். புதிய வண்டி வாங்குபவரின் பெரிய நஷ்டம் முதல் சில ஆண்டுகளில் நேரும் மதிப்புக் குறைவு. அதை முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே சுமந்துவிட்டார் என்ற வகையில் பழைய வண்டியைத் தேர்ந்தெடுத்த உங்கள் முடிவைப் பாராட்டவே செய்கிறேன். அவசரம் மட்டும்தான் எனக்கு உடன்பாடில்லாதது.

நண்பர் ஓராண்டு பொறுக்க ஒப்புக்கொண்டால், நட்பைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். இருவருக்கும் நெருக்கமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியீட்டை நீங்களே படிக்கலாம்: 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள், தேயாமல் பட்டன் (டயரின் மேற்பரப்புப் பள்ளங்கள்) எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும் அந்த டயருக்கு விலையில் கழித்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தால், எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதற்குக் கீழேயே நின்றால் பேட்டரிக்கு மின்னேற்றும் பாகங்களான ஸ்டேட்டரோ ரெகுலேட்டரோ செலவு வைக்க உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஷாஃப்டின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான ஃபைனல் டிரைவின் ஆயிலை வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் மென்மையான சாம்பல் நிறப் பசை சிறிதளவு இருப்பது இயல்பு. விரலில் நெருடும் உலோகத் துணுக்குகள் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பேரம் முடிந்தால் விற்பனை ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள். பணம் முழுவதும் கைமாறும் அன்றே பதிவுச் சான்றிதழில் பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

அவரால் காத்திருக்க முடியாமல் வண்டியை வேறொருவருக்கு விற்றுவிட்டால் வருந்தாதீர்கள், அவரையும் குறை சொல்லாதீர்கள். அவருடைய சர்வீஸ் புத்தகத்தின் நகலை மட்டும் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த ஆண்டு வேறொரு வண்டியைப் பார்க்கப் போகும்போது, எந்தக் கிலோமீட்டரில் எது மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்று விற்பவரிடம் கேட்க அது உதவும்.