பிள்ளையைத் தத்துக் கொடுத்த தாய், பல வருடம் கழித்து அந்தப் பிள்ளையைத் தேட முடியுமா? தமிழ்நாட்டில் என்ன நடைமுறை?

நேரடியாகத் தேட வழியில்லை. ‘ரூட் சர்ச்’, அதாவது தத்துப் போன பிள்ளை தன்னைப் பெற்றவர்களைத் தேடுவது, அந்தப் பிள்ளைக்கு மட்டுமான உரிமை. 2022 தத்தெடுப்பு விதிமுறைகளின்படி 18 வயது முடிந்தவர் தானாகவும், முடியாதவர் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்தும் விண்ணப்பிக்கலாம். பெற்றவளுக்கு அப்படி ஏற்பாடு இல்லை. ஆகவே, பிள்ளை தேடி வரும் நாளில் நீங்கள் அகப்படும்படி இருப்பதுதான் செய்யக்கூடியது.

(ஒப்படைத்து இன்னும் 60 நாள் ஆகவில்லை என்றால் கதையே வேறு. இன்றே குழந்தைகள் நலக் குழுவிடம் போய்த் திரும்பக் கேளுங்கள்.)

ஒப்படைக்கும்போது ‘என் விவரம் வெளியே தெரியக்கூடாது’ என்று கேட்டிருந்தால், உங்கள் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எதுவும் சொல்ல மாட்டார்கள். சம்மதம் கேட்டுப் பழைய முகவரிக்குக் கடிதம் போகும். நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். ‘தாயைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று பிள்ளைக்குப் பதில் போய்விடும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முறிகிறது.

அதனால் இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள். குழந்தையை வாங்கிக்கொண்ட தத்து நிறுவனத்துக்கு ஒன்று, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒன்று. நிறுவனம் மூடிவிட்டாலும் இரண்டாவது போய்ச் சேரும். பதிவு வசதி சேர்த்த விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), ஒப்புகையுடன் அனுப்புங்கள். பிறந்த தேதி, மருத்துவமனை, சுகப்பிரசவமா சிசேரியனா, மச்சம், ஒப்படைத்த நாள் எல்லாம் எழுதுங்கள். அன்று பொய்ப் பெயர் கொடுத்திருந்தால் அந்தப் பொய்ப் பெயரையே முதலில் எழுதுங்கள். கோப்பு அந்தப் பெயரில்தான் இருக்கும். ‘பிள்ளை கேட்டால் என் விவரம் தரச் சம்மதம்’ என்ற வரி கட்டாயம். வீட்டில் யாருக்கும் தெரியாது என்றால், எந்த எண்ணுக்கு எத்தனை மணிக்குக் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். வீடோ எண்ணோ மாறினால் மறுபடி ஒரு கடிதம்.

1980களில் வெளிநாடு போன பிள்ளைகள் 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி, நீதிமன்ற ஆணையோடு போனவர்கள். அந்த வழக்குக் கட்டிலும் ஒப்படைப்புப் பத்திரம் இருக்கலாம்.

1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் பெயர் சொல்லாமல் விட்டுப் போனவர்களுக்குக் காகிதம் உதவாது. டி.என்.ஏ. பரிசோதனைதான் மிச்சம். வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் பலரும் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு உறவுகளைக் காட்டும் அங்குள்ள வம்சாவளி நிறுவனங்களில் மாதிரி கொடுத்து வைக்கிறார்கள். அதே தரவுத்தளத்தில் உங்களுடையதும் இருந்தால்தான் பொருந்தும். தாய்க்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400 சென்டிமார்கன் (இருவருக்கும் ஒன்றாக இருக்கும் டி.என்.ஏ.வை அளக்கும் அலகு) பொருந்தும். அந்த அளவு வந்தால் பெரிதாகச் சந்தேகம் வேண்டாம். தூரத்து உறவுப் பொருத்தங்களை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிய குடும்பங்களில், தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோல எண் காட்டும்.

முகநூலில் படத்தோடு தேடுவது வேண்டாம். பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74இன் கீழ் குற்றமாகலாம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘கோப்பை எடுத்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் இடைத்தரகருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மூன்றாம் நபருக்கு விவரம் தர விதியில் இடமில்லை.