ஃபிரெஸ்னோ குளிரும் கறிவேப்பிலையும்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஃபிரெஸ்னோவுக்குக் குடிபோகும்போது தொட்டிக் கறிவேப்பிலையையும் கொண்டுபோய்த் தரையில் நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். ஆரஞ்சு மரங்களைச் சாகடிக்கும் நோயைப் பரப்புகிற ஒரு சின்னப் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும்; அதனால் கலிஃபோர்னியாவில் இந்தச் செடியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. ஃபிரெஸ்னோ இருக்கும் பள்ளத்தாக்கில் ஆரஞ்சுத் தோப்பை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். அங்கேயே உரிமம் பெற்ற நர்சரியில் வாங்குங்கள்.

அப்புறம், தரை வேண்டாம், தொட்டிதான் சரி. கோடையில் 38 டிகிரி சர்வசாதாரணம். தண்ணீர் விட்டால் செடி தாங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையை எதிர்பார்க்கவே வேண்டாம். ஆண்டு மழையே சுமார் 28 சென்டிமீட்டர்தான், அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில்.

ஆபத்து டிசம்பர், ஜனவரியில். இரண்டு பக்கமும் மலை என்பதால் குளிர்ந்த காற்று அடியில் தேங்கிவிடும். மழைக்குப்பின் ஈரத்தரையிலிருந்து ‘டூலி’ மூடுபனி எழுந்தால் பகலிலும் சூரியன் தெரியாது. மேகமில்லாத இரவுகள் இன்னும் மோசம்: உறைபனி விழுந்தால் காலையில் கொழுந்து கறுத்துத் தொங்கும். நவம்பரிலேயே தொட்டியைச் சன்னலோரம் வையுங்கள். இலை உதிர்ந்தால் பயப்படாமல் தண்ணீரைக் குறையுங்கள். மார்ச் கடைசியில் வெளியே எடுக்கலாம்.