பழைய காருக்குப் புதிய பெட்ரோல் டேங்க்: கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் தகடு மடித்து வெல்டிங் செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய வண்டிகளுக்குப் பெட்ரோல் டேங்க் செய்து தருவதை அறிந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

ஐயா, என் மார்க் 2 அம்பாசடரின் டேங்க் அடிப்பக்கம் கசிகிறது. சோப்பு தேய்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒட்டுப் போட்டால் போதுமா, புதிதாகச் செய்ய வேண்டுமா? (காவேரிப்பட்டணம்)

சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் அந்த வைத்தியம் வீடு போய்ச் சேரும் வரை தாங்கும்; ஒரு மழையில் நனைந்தால் போய்விடும். அக்காலத்து டேங்குகள் பலவும் ஈயமும் வெள்ளீயமும் பூசிய இரும்புத் தகட்டால் ஆனவை. பெட்ரோலைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கி, அந்தப் பூச்சு தேய்ந்த இடத்தில் உள்ளிருந்து அரிக்கத் தொடங்குகிறது. ஆகவே வெளியில் ஓர் ஓட்டை தெரிந்தால், அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குத் தகடு மெலிந்திருக்கும் என்று கொள்ளுங்கள். டேங்கைக் கழற்றிக் காலி செய்தபின் திருப்புளியின் மரப்பிடியால் அடிப்பக்கம் முழுவதும் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு அட்டையைத் தட்டுவதுபோல் மந்தமாக ஒலிக்கும். மந்த ஒலி ஓரிடத்துக்கு மேல் கேட்டால் ஒட்டுப் போடுவது வீண் செலவு.

தண்ணீர் நிரப்பிவிட்டால் பழைய டேங்கிலேயே வெல்டிங் வைக்கலாம் என்று எங்கள் ஊர் வெல்டர் கூறுகிறார். சரிதானா? (பாலக்கோடு)

வேண்டாம். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அதனால்தான் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. தண்ணீர் நிரப்பினாலும் மேல் மூலையில் காற்று தங்கும். விளிம்பு மடிப்புக்குள் புகுந்த பெட்ரோல் வெளியேறாது. ஒருமுறை, தை மாதத்தில் கழற்றி மூடியில்லாமல் போட்டுவைத்திருந்த டேங்க் ஒன்றைச் சித்திரை வெயிலில் பட்டறை வாசலில் வைத்தேன். நண்பகலில் குனிந்து பார்த்தபோது அதன் வாயிலிருந்து பெட்ரோல் வாடை வந்தது. மூன்று மாதம் காய்ந்த டேங்க் அது. அன்றிலிருந்து பழைய டேங்கின் மீது கிரைண்டரையோ நெருப்பையோ வைப்பதில்லை. அதை அளவெடுக்க மட்டுமே பயன்படுத்துகிறேன்.

சிப்காட்டில் லேசர் கட்டிங் செய்யும் நண்பர் இருக்கிறார். எந்தத் தகடு வாங்குவது? ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காது என்கிறார்களே? (ஓசூர்)

ஜி.ஐ. ஷீட்டை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அதன் மேல் இருப்பது துத்தநாகம். எத்தனாலும் ஈரமும் கலந்த பெட்ரோலில் அது கரைந்து வெள்ளைப் பொடியாக இறங்கிக் கார்புரேட்டரின் ஜெட்டை அடைக்கும். வெல்டிங் வைக்கும்போது எழும் புகையால் வெல்டருக்குக் காய்ச்சலும் வரும்.

பழைய தோற்றம் மாறக் கூடாது என்பவருக்கு 1.2 மில்லிமீட்டர் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத, குளிர்முறையில் உருட்டிய இரும்புத் தகடு) போதும். மடிப்பதற்கு இணங்கும், ஆர்கான் வெல்டிங்கில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் உட்பக்கம் வெறும் இரும்பு என்பதால், வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. அவர்களுக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏற்றது. அதற்கு வெல்டிங் வைக்கும்போது டேங்குக்கு உள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்ப வேண்டும். இல்லையேல் வெல்டிங் தையலின் உட்பக்கம் கருகிய சர்க்கரைபோல் பொரிந்து, பின்னாளில் அங்கேயே விரிசல் விடும். வாயுச் செலவை மிச்சப்படுத்த இந்த வேலையைத் தவிர்க்கும் இடங்கள் உண்டு என்பதால், முதலில் சிறு துண்டு ஒன்றில் வெல்டிங் வைக்கச் சொல்லி, அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேலையைக் கொடுங்கள்.

அலுமினியம் என்றால் 5052 ரகத்தில் 2 மில்லிமீட்டர். எடை குறைவு என்பார்கள்; உண்மைதான். 70 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 20 உயரம் கொண்ட பெட்டிக்கு 1 சதுர மீட்டர் தகடு தேவைப்படும். 1.2 மில்லிமீட்டர் இரும்பில் அது சுமார் 9.4 கிலோ, 2 மில்லிமீட்டர் அலுமினியத்தில் சுமார் 5.4 கிலோ. ஊற்றப்போகும் பெட்ரோலோ 40 கிலோவைத் தொடும். ஆகவே பந்தயத்துக்குப் போகாத அம்பாசடரில் இந்த 4 கிலோ லாபத்துக்காக அலுமினியத்தைத் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கொள்ளளவை எப்படிக் கணக்கிடுவது? (அரூர்)

உள்ளளவுகளைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். மேலே சொன்ன பெட்டி 56 லிட்டர். தகடு வெட்டுவதற்கு முன் முழு டேங்கையும் காலண்டர் அட்டையில் செய்து, வண்டியின் அடியில் வைத்துப் பாருங்கள். சைலென்சர் குழாய், பட்டை ஸ்பிரிங், பின் அச்சு மேலெழும் இடம் ஆகியவை எங்கே இடிக்கும் என்பதை அட்டை காட்டிவிடும்.

சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் கால் டேங்க் பெட்ரோல் இருந்தும் என் வண்டி திக்கித் திணறுகிறது. புதிதாகச் செய்த டேங்க்தான். (தருமபுரி)

ஏற்றத்தில் பெட்ரோல் முழுவதும் பின்பக்கம் ஒதுங்கும். உங்களுக்கு டேங்க் செய்தவர் உறிஞ்சு குழாயை முன்பக்கத்தில் வைத்துவிட்டார் போலிருக்கிறது; அதனால் குழாய் காற்றைக் குடிக்கிறது. குழாயின் நுனி டேங்கின் நடுவில், அடியிலிருந்து 10 முதல் 12 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். அதற்கும் தாழ்ந்தால் தண்ணீரையும் கசடையும் உறிஞ்சும். அந்த இடத்தைச் சுற்றித் தடுப்புத் தகடுகளை நிறுத்தி, அவற்றின் கீழ் மூலைகளை விரல் நுழையும் அளவுக்கு வெட்டிவிட்டால், பெட்ரோல் மெதுவாக உள்ளே வந்து சேரும். வளைவில் ஒரே வீச்சில் ஓடிவிடாது. மேல் மூலைகளையும் வெட்டுங்கள், காற்று போய்வர வேண்டும். தடுப்புத் தகடு வெறும் அலையடிப்பைக் குறைப்பதற்கு மட்டுமன்று. அகன்ற அடித்தகடு அதிர்ந்து விரிசல் விடாமல் தாங்குவதும் அதுதான்.

வாய் வரை நிரப்பினால் நண்பகலில் மூடி வழியாக வழிகிறது. மூடியை மாற்றினால் சரியாகுமா? (தேன்கனிக்கோட்டை)

மூடியின் மீது குற்றமில்லை. பெட்ரோல் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். உங்கள் ஊரின் விடியற்காலைக் குளிரில் 56 லிட்டர் நிரப்பி, கிருஷ்ணகிரி வெயிலில் நிறுத்தி 20 டிகிரி கூடினால், ஏறத்தாழ 1 லிட்டர் பெட்ரோல் இடம் தேடி வெளியே வரும். நிரப்பு குழாய் டேங்குக்குள் சற்று நீண்டு இறங்கும்படி செய்தால், மேலே 2 லிட்டருக்காவது காற்று சிக்கிக்கொண்டு அந்த இடத்தைக் காத்துத்தரும். ஆனால் டேங்குக்குள் காற்று போய்வர வைக்கும் மூச்சுக் குழாய் அந்தக் காற்றிடத்தின் உச்சியிலிருந்து புறப்பட்டால் பங்கில் ஊற்றும்போதே காற்று தப்பிவிடும்; ஆகவே நிரப்பும்போது காற்று வெளியேற ஒரு குழாயையும், விரிவுக்கு மெல்லிய துளையுள்ள தனிக் குழாயையும் வைப்பது நல்லது. இரண்டாவது குழாயை நிரப்பு வாயைவிட உயரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, டிக்கிக்கு வெளியே கொண்டுபோய் விடுங்கள். மூச்சை முற்றிலும் அடைத்துவிட்டால் பம்ப் உறிஞ்ச உறிஞ்ச டேங்க் உள்வாங்கிச் சப்பளியும்.

பஞ்சர் கடைக் கம்ப்ரெசரில் காற்றடித்துக் கசிவு பார்க்கலாமா? (ஊத்தங்கரை)

அந்தப் பெட்டியின் மேல்தகடு மட்டும் 0.28 சதுர மீட்டர். 0.2 பார் அழுத்தத்திலேயே அதன் மீது 570 கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறது. கம்ப்ரெசரின் 7 பார் முழுவதும் உள்ளே போனால் அது 20 டன். டேங்க் பலூனாக உப்பி வெடிக்கும். சைக்கிள் பம்பால் மெதுவாக அடித்து, 0.2 பாரை எட்டுமுன் நிறுத்தி, தையல்களில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். காற்றில்லாமல், மண்ணெண்ணெய் நிரப்பி, தையல்களின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசி ஓர் இரவு வைப்பது எங்கள் பட்டறை வழக்கம். தலைமுடி அளவு துளை இருந்தாலும் காலையில் வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரத் தடம் தெரியும்.

இப்போதைய எத்தனால் பெட்ரோலுக்குத் தனியாக ஏதேனும் செய்ய வேண்டுமா? (பர்கூர்)

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் கார்க் வாஷர்களையும் தளர்த்தும், ஈரத்தையும் இழுக்கும். டேங்கை மாற்றும் அன்றே குழாய், வாஷர், பம்பின் டயாஃப்ரம் ஆகியவற்றை எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். உட்பூச்சு விஷயத்தில், எத்தனாலுக்கு ஏற்றது என்று டப்பாவில் தெளிவாக எழுதியிராத எதையும் ஊற்றாதீர்கள். உரிந்த பூச்சு, துருவைவிட மோசமாகக் குழாயை அடைக்கும்.

புது டேங்க் மாட்டிய பின் பெட்ரோல் முள் அசையவே இல்லை. (பென்னாகரம்)

டேங்குக்கும் பாடிக்கும் நடுவே வைத்த ரப்பர் பட்டையும் புதுப் பெயின்ட்டும் எர்த்தைத் துண்டித்திருக்கும். டேங்கிலிருந்து சேசிஸுக்கு ஒரு வயர் இழுங்கள். நிரப்பு குழாய்க்கும் அதே இணைப்பைக் கொடுத்தால், ஊற்றும்போது உண்டாகும் நிலைமின்சாரமும் இறங்கிவிடும்.

என் வண்டி 1972 ஆம் ஆண்டுப் பதிவு. விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்க எண்ணுகிறேன். டேங்க் மாற்றினால் சிக்கல் வருமா? (சூளகிரி)

2021 இல் வந்த விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவிலேயே இருக்கும் வண்டிகளுக்கானது. சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. டேங்கை அதே இடத்தில், அதே வடிவில், அதே பட்டைகளில் பொருத்தினால் பாடியில் ஒரு துளைகூடப் போட வேண்டியிராது. பழைய டேங்கையும் காயலான் கடைக்குப் போடாமல், வாயைத் திறந்து, கொட்டகையில் நெருப்புக்கு எட்டாத மூலையில் வைத்திருங்கள். யாராவது கேட்டால் புதியதன் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.