பல குழுக்கள் தனித்தனியே உருவாக்கும் அறிவுத் தொகுப்புகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்க, பொதுவான மேல்நிலை ஆன்டாலஜி (எல்லாத் துறைகளுக்கும் பொதுவான அடிப்படை வகைகளையும் உறவுகளையும் வரையறுக்கும் கட்டமைப்பு) உண்மையில் உதவுமா?

உதவும், ஆனால் பலர் எதிர்பார்க்கும் விதத்தில் அன்று. எல்லாக் குழுக்களும் ஒரே சொற்களைக் கையாளும் என்று நம்பி அதை ஏற்றால் ஏமாற்றமே மிஞ்சும். எது எதுவாக இருக்க முடியாது என்று அது வகுத்திருக்கும் சில விலக்கு விதிகளில்தான் அதன் பயன் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது என்பது என் அனுபவம்.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு மருத்துவத் தரவுத் தொகுப்புகளை இணைக்கும் பணியில் இருந்தேன். இரண்டிலும் "நீரிழிவு" என்ற வகை இருந்தது. ஒன்றில் அது நோயாளியிடம் நிலைத்திருக்கும் ஓர் உடல்நிலை. தொடங்கிய ஆண்டு மட்டும் பதிவாகியிருந்தது. மற்றதில் ஒவ்வொரு சிகிச்சைக் காலமும் ஒரு தனி நீரிழிவாக, தொடக்கத் தேதியோடும் முடிவுத் தேதியோடும் பதிவாகியிருந்தது. பெயர் ஒன்றே என்பதால் இரண்டையும் ஒரே வகையாக்கினோம். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஒரே மனிதருக்கு நீரிழிவு பலமுறை வந்து பலமுறை குணமானதாக அறிக்கை காட்டியபோதுதான் விழித்துக்கொண்டோம்.

மெய்யியலாளர் பாரி ஸ்மித் முன்னின்று உருவாக்கிய, அத்தகைய ஒரு மேல்நிலை ஆன்டாலஜியான, பி.எஃப்.ஓ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பேசிக் ஃபார்மல் ஆன்டாலஜி, 2021இல் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 21838-2 என்ற பன்னாட்டுத் தரமாக வெளியானது. அதில் 40க்கும் குறைவான வகைகளே உள்ளன. அவற்றின் உச்சியில் இருப்பது ஒரே ஒரு பிளவு: மனிதர், உறுப்பு, நிறம், இயல்பு என்று காலத்தினூடே அடையாளம் மாறாமல் நிலைத்திருப்பவை கன்டினுவன்ட், அறுவைச் சிகிச்சை, செல் பிரிதல் என்று காலத்தில் விரிந்து நடப்பவை ஆக்கரன்ட். எதுவும் இரண்டாகவும் இருக்க முடியாது. இதன் மேல் எழுந்த ஓ.ஜி.எம்.எஸ். என்னும் மருத்துவ ஆன்டாலஜி, நோயை உடற்கோளாற்றில் வேரூன்றிய ஓர் இயல்பாகவும், நோயின் போக்கை அந்த இயல்பு வெளிப்படும் நிகழ்வாகவும் பிரித்து வைக்கிறது. எங்கள் இரு வகைகளையும் முதலிலேயே இவற்றோடு பொருத்தியிருந்தால், இணைத்த வகைக்கு உறுப்பினர் எவரும் இருக்க முடியாது என்று, விதிகளிலிருந்து தர்க்கப்படி முடிவுகளைப் பெறும் ரீசனர் மென்பொருள் அன்றே காட்டியிருக்கும்.

இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதன்று. "மாடு வந்தான்" என்பது திணை வழு. மாடு என்றால் என்ன என்று இலக்கணம் விளக்குவதில்லை. அது உயர்திணை அன்று என்ற ஒன்றே பிழையைக் காட்டிவிடுகிறது. (பசுவை "என் அம்மை வந்தாள்" என்று உவந்து அழைப்பதை வழுவமைதியாக ஏற்கும் தாராளம் ரீசனருக்குக் கிடையாது.)

வகைகளைவிட உறவுகளில்தான் முரண்கள் அதிகம் ஒளிந்திருக்கின்றன. 1998இல் ஈ, ஈஸ்ட், எலி ஆகியவற்றின் மரபணுத் தரவுத்தளங்கள் சேர்ந்து தொடங்கிய, மரபணுக்களின் பணிகளை வகைப்படுத்தும் ஜீன் ஆன்டாலஜியில், "பகுதி" என்ற உறவுக்குத் தொடக்கத்தில் "பகுதியாக இருக்கலாம்" என்பதே பொருள். அப்படி இருந்தால் எந்த அனுமானத்தையும் நம்ப முடியாது. 2005இல் வெளியான உறவு வரையறைகள் இதைச் சீர்படுத்தின: ஒவ்வொரு அணுக்கருவும் ஏதோ ஒரு செல்லின் பகுதி என்று சொல்லலாம், ஆனால் ஒவ்வொரு செல்லிலும் அணுக்கரு உண்டு என்பது அதிலிருந்து பெறப்படாது, ஏனெனில் மனிதரின் முதிர்ந்த சிவப்பணுவில் அணுக்கரு இல்லை.

வரம்புகளும் உண்டு. ஆன்டாலஜிகளை எழுதப் பயன்படும் ஓ.டபிள்யூ.எல். மொழியில், இரு வகைகள் விலக்கானவை என்று எழுதாதவரை அவை ஒன்றின்மேல் ஒன்று படியலாம் என்றே கொள்ளப்படும். ஆகவே மேல்நிலைப் பெயர்களை மட்டும் ஒட்டிக்கொண்டு விதிகளை விட்டுவிடுவது அலங்காரமே. மேல்நிலை ஆன்டாலஜிகளும் தமக்குள் வேறுபடுகின்றன: டோல்ச்சே என்னும் மற்றொரு மேல்நிலை ஆன்டாலஜியில் களிமண் சிலையும் அந்தக் களிமண்ணும் ஒரே இடத்தில் இருக்கும் இரு வேறு பொருள்கள். இரண்டு மேல்நிலைகளைக் கலக்க முயல்பவர்கள் மேலிருந்தே சிக்கலைத் தொடங்குகிறார்கள். அன்றாடப் பொது அறிவைக் கணினிக்குப் புகட்ட 1984இல் தொடங்கிய சைக் திட்டமோ, உலகம் முழுவதற்கும் ஒரே முரணின்மை என்பதைக் கைவிட்டு, மைக்ரோதியரி எனும் சிறு சூழல்களுக்குள் மட்டும் அதைக் கோரியது. ஒரே குழு, ஒரே செயலி என்றால் இந்தச் சுமை எதுவும் தேவையில்லை.

எங்கள் பணியில் ஒவ்வொரு வகையிடமும் "இந்தக் கணத்தில் இது முழுமையாக இருக்கிறதா, அல்லது பாதிதான் நடந்திருக்கிறதா?" என்று கேட்டு, நீரிழிவை இரண்டாகப் பிரித்தோம். தொடங்கிய ஆண்டு ஒன்றுக்கும், தொடக்க முடிவுத் தேதிகள் மற்றதற்கும் போயின. எதிலும் சேராத பதிவுகளுக்கு மட்டும் மருத்துவர்களிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது.