வேலிக்கால் கேள்விகளுக்குப் பதில்

வேலிக்கால், அதாவது வேலியைத் தாங்கும் கம்பம், பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லிவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

அண்ணே, தரைவீட்டின் பின்பக்கம் 12 மீட்டர் வேலி. மரக்காலா, இரும்புக்காலா? செங்கால் மரம் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார் குத்தகையாளர். (செம்பவாங்)

செங்கால் (செங்கல் இல்லை, மரத்தைச் சொல்கிறேன்) கெட்டியான மரம்தான், பாலாவ் மரமும் அப்படியே. மெராந்தி மரத்தை மட்டும் மண்ணில் நடாதீர்கள். ஆனால் எந்த மரமானாலும் முதலில் உளுப்பது மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த நாலு விரல் உயரத்தில்தான். அதற்குக் கீழே காற்று போதாது, மேலே வெயிலில் காய்ந்துவிடும், நடுவில் இருக்கிற இடம் மட்டும் எப்போதும் ஈரமாக இருப்பதால் பூஞ்சைக்கு விருந்து. சிங்கப்பூர் வருஷம் முழுக்க மழை கொட்டுகிற ஊர், கரையானுக்கும் பஞ்சமில்லை. பழைய மரக்கால் இருந்தால் தரையோடு சேரும் இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்திப் பாருங்கள், வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் கதை முடிந்தது.

நானாக இருந்தால் கால் மட்டும் இரும்பு, பலகை மரம். மரக்கால்தான் வேண்டும் என்றால் கான்கிரீட்டில் இரும்புக் காலணி (மரக்காலின் அடியைப் பிடித்துத் தாங்கும் இரும்புத் துண்டு) பதித்து, மரத்தின் அடி மண்ணிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தூக்கி நிற்கும்படி போல்ட் போடச் சொல்லுங்கள். இரும்பு வாங்கும்போது துத்தநாகத்தில் முக்கியெடுத்ததா என்று கேளுங்கள். பளபளவென்று மின்னுகிறதே என்று மெல்லிய மின்முலாம் பூசியதை வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம். வெட்டிய முனையிலும் வெல்டிங் வைத்த இடத்திலும் முலாம் போய்விடும், அங்கே துத்தநாக பெயிண்ட் அடிக்காமல் விட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

எவ்வளவு ஆழம் தோண்டணும்? (மூன்று பேர்)

வெளியே தெரியும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது. 1.8 மீட்டர் வேலிக்கு 60 சென்டிமீட்டர், கதவு தொங்கும் காலுக்கு அதைவிடக் கூடுதல். குழியின் அகலம் காலின் அகலத்தைப்போல் மூன்று மடங்கு. கான்கிரீட்டின் மேல்பகுதியைத் தரைக்குச் சற்று மேலே கொண்டுவந்து வெளிப்பக்கமாகச் சரித்து விடுங்கள், கிண்ணம் மாதிரி குழிந்தால் காலடியில் தண்ணீர் தேங்கும். ரசமட்டத்தை இரண்டு முகத்திலும் வைத்துப் பார்த்த பிறகே கான்கிரீட். தோண்டுவதற்கு முன் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் எங்கே போகின்றன என்று விசாரித்துவிடுங்கள், தயவுசெய்து.

காலின் மேல்மூடி அழகுக்குத்தானே? அதை விட்டுவிட்டால் கொஞ்சம் காசு மிச்சம். (ஈசூன்)

இல்லை அக்கா, விட்டுவிடாதீர்கள். நான் போட்ட ஒரு வேலியையே சொல்கிறேன். பிளாஸ்டிக் மூடிகளைத் தட்டி மட்டும் விட்டேன், ஒட்டவில்லை. வெயிலில் சுருங்கி, காற்றில் பறந்து, ஒரு வருஷத்தில் பாதி காணோம். ஒருநாள் கைவிளக்கை உள்ளே அடித்துப் பார்த்தால் அடியில் ஒரு சாண் தண்ணீர், அதில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அடி அடைத்த குழாய்க்கால் என்பது நின்றபடி இருக்கிற ஒரு வாளிதான். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் துணி காயப்போடும் மூங்கில் கழிக் குழாயை மூடி வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். டெங்கி வந்தால் அந்த மிச்சக் காசு எந்த மூலைக்கு?

இரும்பு மூடியை வெல்டிங் வைத்துவிடுவது உத்தமம். பிளாஸ்டிக் என்றால் சிலிக்கான் பசை போட்டு ஒட்டுங்கள்.

சமூகத் தோட்டத்தில் பாகற்கொடிக்கு மூங்கில் வேலி கட்டுகிறோம். அதற்கும் இதே கதையா? (தோ பாயோ)

அதே கதைதான், ஆனால் செலவில்லை. மூங்கிலை வெட்டும்போது கணுவுக்கு ஒட்டி மேலே வெட்டுங்கள், மேலே குழி இருக்காது. கணுவுக்கு ஒரு சாண் மேலே வெட்டினால் காலுக்கொரு கொசுக் கோப்பை.

துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்றார்கள், ஆறு மாதத்தில் கீலில் பழுப்புக் கறை! (பாசிர் ரிஸ்)

கடல்காற்று தம்பி. 304 ரகம் என்றால் உப்புக்குக் கறைபடும். 316 ரகத்தில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, கடலோரத்துக்கு அதுதான் தாங்கும், விலையும் கூட. இப்போதைக்கு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் மேல்கறைதான். இன்னொன்று, எஃகுக் கீலுக்குச் சாதாரண முலாம் திருகு போட்டிருந்தால் திருகுதான் முதலில் அரிக்கும். கீல் எந்த ரகமோ திருகும் அதே ரகம்.

வீவக பொதுத் தாழ்வாரத்தில் தொட்டிச் செடிகளைச் சுற்றிச் சின்ன வேலி போடலாமா?

நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தரையில் துளை போடும் எண்ணத்தை மறந்துவிடுங்கள். தொட்டியிலேயே செருகுகிற தட்டி போதும்.

மரக்கதவு தொங்கிப்போய்த் தாழ்ப்பாள் விழமாட்டேன் என்கிறது. கீலை மாற்றணுமா?

முதலில் கதவுக்காலில் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள், சாய்ந்திருந்தால் கீல் என்ன செய்யும்? கால் நேராக இருந்தால் கதவின் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். அது கீழ்க்கீல் பக்கத்திலிருந்து தாழ்ப்பாளின் மேல்மூலைக்கு ஏற வேண்டும். பல கதவுகளில் தலைகீழாகத்தான் அடித்திருக்கிறார்கள். கழற்றித் திருப்பி அடித்துவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.