மஞ்சள் மின்னல் குறியும் கெட்டுப்போகிற மெமரி கார்டும்

சார், காசிமேடு ஸ்கூல் லேப்ல பத்து ராஸ்பெர்ரி பை 4 (கையடக்கக் குட்டி கம்ப்யூட்டர்), போன் சார்ஜர்ல ஓடுது, மூலையில மஞ்சள் மின்னல் குறி வருது, கார்டு அடிக்கடி கெடுதுன்னு எழுதியிருந்தீங்க. கார்டு மேல பழி போடாதீங்க, வோல்டேஜ் பத்தலைங்கிறதுக்குத்தான் அந்த மின்னல் குறி. பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேணும், 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினா அந்தக் குறி வரும். மெல்லிசு கேபிள்லேயே அரை வோல்ட் போயிடும். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல கேபிளோட சேர்ந்தே வர்ற அடாப்டரா பார்த்து வாங்குங்க.

இன்னொண்ணு, எழுதிட்டிருக்கும்போது கரன்ட் போனாலும் கார்டு கெடும். பையோட கான்ஃபிகரேஷன்ல (செட்டிங்ஸ்) பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை ஆன் பண்ணுங்க. அப்புறம் எழுதுறதெல்லாம் ரேம்லதான் (கரன்ட் போனா அழியுற தற்காலிக நினைவகம்), கார்டுல எழுதாது. பிள்ளைங்க செஞ்ச வேலையும் ரீஸ்டார்ட்ல காணாமப் போகும் (அழுவாங்க!), அதனால பென்டிரைவ்ல சேமிக்கச் சொல்லுங்க. அப்டேட் போடுறதுக்கு முன்னாடி ஓவர்லேயை ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா அப்டேட்டும் ரீஸ்டார்ட்ல போயிடும்.