ஈடாகுமா?

கேள்வி: வனவிலங்குகளைக் காப்பாற்ற அரசிடம் போதிய பணமில்லை என்கிறார்கள். காட்டை எடுத்துக்கொள்ளும் கம்பெனிகளிடம் ஈடு வாங்கி அதில் செலவு செய்தால் என்ன தவறு? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: முதலில் என் பழைய வழக்கு. 'வனவிலங்கு' வேண்டாம், 'காட்டுயிர்' என்று எழுதுங்கள். விலங்கு என்றதுமே நம் மனம் புலியிலும் யானையிலும் போய் நின்றுவிடுகிறது. பணமும் அப்படித்தான். புலிக்கு 1973-லும் யானைக்கு 1992-லும் தனித் திட்டம் வந்தது. தவளைக்கும் தட்டானுக்கும் யார் கொடுக்கிறார்கள்?

சரி, 'ஈடு' என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இந்தச் சொல் அடுப்படியில்தான் அதிகம் புழங்கும். ஒரு ஈடு இட்லி தீர்ந்தால் அடுத்த ஈடு ஊற்றலாம். அதே மாவு, அதே தட்டு, பத்து நிமிடம். அடகும் ஈடுதான், வட்டியோடு பணத்தைக் கட்டினால் நகை திரும்ப வரும். காடு இந்த இரண்டிலும் சேராது. போன காட்டுக்கு இரண்டாம் ஈடு கிடையாது, மீட்கவும் வழியில்லை.

நீலகிரியின் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவதைப் பொறுக்காமல் 1995-ல் உச்ச நீதிமன்றம் போனவர் கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் கோதவர்மன் திருமுல்பாடு. நீங்கள் சொல்லும் ஈட்டு நிதி, அதாவது போன காட்டுக்குப் பதிலாக வேறிடத்தில் மரம் வளர்க்க என்று வாங்கும் பணம், அந்த வழக்கில் பிறந்ததுதான். அவர் காலமான 2016-லேயே அதற்குத் தனிச் சட்டமும் வந்தது. 2019-ல் மத்திய அரசு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்த தொகை 47,436 கோடி ரூபாய். எவ்வளவு பணம் என்று மலைக்காதீர்கள், எவ்வளவு காடு போயிருந்தால் இவ்வளவு சேர்ந்திருக்கும் என்று யோசியுங்கள். காடு அழிய அழியத்தான் இந்த உண்டியல் நிறையும். காட்டைக் காக்க வேண்டிய துறையின் வரவை, காடு போவதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம். என் கோபம் அதில்தான்.

அந்தமான் நிக்கோபாரின் தென்கோடித் தீவான கிரேட் நிக்கோபாரைப் பாருங்கள். துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டுக்கு 2022-ல் முதற்கட்ட அனுமதி கிடைத்தது. ஈடாக மரம் நடத் திட்டமிட்ட இடம் ஹரியானா! இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மழை குறைந்த சமவெளி. அந்தத் தீவில் மெகாபோட் என்றொரு பறவை உண்டு. அடைகாக்காது. மண்ணையும் சருகையும் மேடாகக் குவித்து உள்ளே முட்டையிடும், அந்தச் சூட்டிலேயே குஞ்சு பொரிந்துவிடும். அங்கேயே கலாத்தியா விரிகுடாவில் லெதர்பேக் என்னும் கடலாமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. ஹரியானாவில் எத்தனை லட்சம் கன்று நட்டாலும் இந்த இரண்டுக்கும் அது எதற்கு?

ஈடு வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. தவிர்க்கவே முடியாத இடத்தில் அது அபராதமாக இருக்கட்டும். காட்டுயிருக்கான பணம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருவதுபோல வருடா வருடம் பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும். அப்புறம், அதில் முதல் பங்கு வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்குப் போக வேண்டும். பலர் பழங்குடியினர். யானைத் தடத்தில் இரவெல்லாம் நடக்கிறவர்கள், வருடக்கணக்கில் தற்காலிகப் பணியாளர்களாகவே இருக்கிறார்கள். இதை முன்பும் எழுதினேன், அவர்களுக்கு நிரந்தர வேலை கிடைக்கும்வரை எழுதுவேன்.